85-ல் நின்ற கம்ப்யூட்டர்

எங்கள் வீடு சோமனூருக்குப் பக்கம். வீட்டை ஒட்டியே அப்பாவின் தறிக்குடோன், எட்டு விசைத்தறி. காலை ஆறு மணிக்குச் சுவிட்சைப் போட்டால் ராத்திரி வரை சடக் சடக்கென்று ஓடிக்கொண்டே இருக்கும். பத்தாவது, ப்ளஸ் டூ, அப்புறம் பி.எஸ்சி. நர்சிங் என்று நான் படித்ததெல்லாம் இந்தச் சத்தத்துக்குள்தான். பரீட்சை சமயத்தில் அப்பா எட்டிப் பார்த்து, "நிறுத்திப் போடட்டுமா கண்ணு?" என்பார். வேண்டாம் என்பேன். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் எனக்குக் கவனம் கலையும்.

2023 செப்டம்பரில், அமெரிக்காவில் நர்ஸ் வேலைக்கு உரிமம் வாங்க எழுத வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வுக்காக பெங்களூர் போனபோது அந்தத் தேர்வறையின் அமைதி என்னைப் பாடாய்ப் படுத்தியதற்கு இதுதான் காரணம். பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், உள்ளங்கை நரம்பை ஸ்கேன் செய்தார்கள், வாட்ச் முதல் கைக்குட்டை வரை லாக்கரில் வைக்கச் சொன்னார்கள். எழுதிப் பார்க்க, அழித்து எழுதும் பலகை ஒன்றும் பேனாவும் கொடுத்தார்கள். கடைசியில் காதுக்கு அடைப்பான் வேண்டுமா என்று கேட்டார்கள். எனக்கு வேண்டியிருந்தது எட்டுத் தறி. அதை எப்படிக் கேட்பது?

நம் ஊரில் நான்கு வருடம் படித்துத் தேறி, சென்னையில் இருக்கும் நர்சிங் கவுன்சிலில் பதிந்துவிட்டால் நர்ஸ் ஆகிவிடலாம். அமெரிக்காவில் படிப்பு வேறு, உரிமம் வேறு. உரிமம் வேண்டுமென்றால் அங்கே படித்தவர்களும் எழுத வேண்டியது இந்தத் தேர்வைத்தான். கனடாவிலும் பெரும்பாலான இடங்களில் 2015 முதல் இதே தேர்வு. கட்டணம் 200 டாலர். வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் இன்னொரு 150 டாலர் கட்ட வேண்டும். மதிப்பெண் பட்டியல், சான்றிதழ் சரிபார்ப்பு, அனுமதிக் கடிதம் என்று அதற்கு முன்னால் அலைந்த கதையை எழுதினால் அது தனிப் பதிவாகும், படிக்கிற உங்களுக்கும் தூக்கம் வரும். விடுங்கள்.

தேர்வு நடக்கும் விதம்தான் விசித்திரம். எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள் கிடையாது. சரியாகச் சொன்னால் அடுத்தது கொஞ்சம் கடினமாக வரும், தப்பாகச் சொன்னால் கொஞ்சம் எளிதாக வரும். குறைந்தது 85 கேள்வி, அதிகம் போனால் 150. மொத்தம் ஐந்து மணி நேரம். அதில் 15 கேள்விக்கு மார்க்கே இல்லை, சும்மா சோதனைக்கு வைப்பது. எந்தப் பதினைந்து என்று நமக்குத் தெரியாது. விடையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய் மாற்றவும் முடியாது. இவள் தேறுவாளா மாட்டாளா என்பது 95 சதவீதம் உறுதியாகிவிட்டால் கம்ப்யூட்டர் தானாக நின்றுவிடும்.

எனக்கு 85-ல் நின்றது. கோவையில் என்னிடம் பணம் வாங்கிய ஏஜென்ட் முதல் நாளே சொல்லியிருந்தார்: "85-ல் நின்னா பாஸ் மேடம், கண்ணை மூடிட்டு ஸ்வீட் வாங்கலாம்." வாங்கினேன். வெளியே டீக்கடையில் காத்திருந்த வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போய் அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கினேன். 85-ல் நிற்பது ரொம்ப நன்றாக எழுதியவர்களுக்கும் நடக்கும், ரொம்ப மோசமாக எழுதியவர்களுக்கும் நடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டுமே சீக்கிரம் உறுதியாகிற விஷயம்தானே! நாலு வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தபோது மைசூர்பாகு ஊரெல்லாம் கொடுத்துத் தீர்ந்திருந்தது.

தோற்றவர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்புவார்கள். பாடப் பகுதி வாரியாக நீ தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா, ஒட்டியா, கீழா என்று இருக்கும். மருந்துகள் பகுதியில் நான் மேலே. உடலியல் மாற்றங்களிலும் மேலே. ஏழு வருடம் ஐசியூவில் நின்றது வீண் போகவில்லை. ஆனால் நோயாளி பராமரிப்பை நிர்வகிப்பது என்று ஒரு பகுதி, மனம் சார்ந்த பகுதி என்று இன்னொன்று, இரண்டிலும் கீழே. அந்தத் தாளை வைத்துக்கொண்டு ரெண்டு நாள் யோசித்தேன். எனக்கு வேலை தெரிகிறது. அந்த வேலையை எங்கள் வார்டில் செய்கிற மாதிரியே பரீட்சையிலும் செய்து வைத்திருக்கிறேன். கோளாறு அங்கேதான்.

தேர்வில் வந்த கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்புதல் வாங்கியிருக்கிறார்கள். பயிற்சிக்குப் போட்டுப் பார்த்த மாதிரிகளைச் சொல்கிறேன். நாலு நோயாளிகள். ஒருவருக்கு நேற்று ஆபரேஷன், வலி பத்துக்கு எட்டு என்கிறார். ஒருவருக்குச் சர்க்கரை 210, இன்சுலின் போட வேண்டும். ஒருவரின் மகன் டிஸ்சார்ஜ் ஏன் தாமதம் என்று கத்துகிறார். நாலாமவருக்குத் தொடை எலும்பு முறிந்து ரெண்டு நாள் ஆகிறது, இப்போது திடீரென்று குழம்பிப் பேசுகிறார், மூச்சு வாங்குகிறது. யாரை முதலில் பார்ப்பாய்? நாலாமவரைத்தான், கொழுப்புத் துகள் நுரையீரலுக்குப் போயிருக்கலாம். புத்தகம் படித்தவர்கள் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் நிஜத்தில் நாங்கள் முதலில் ஓடுவது கத்துகிற மகனிடம். மேனேஜரிடம் அவர் போய்விட்டால் எங்களுக்குத்தான் மெமோ.

ரத்தம் ஏற்றும்போது நோயாளிக்கு நடுக்கம் வந்து முதுகு வலிக்கிறது என்கிறார். முதலில் என்ன செய்வாய்? நான் 'டூட்டி டாக்டருக்குச் சொல்வேன்' என்பதை அமுக்கினேன். தப்பு. முதலில் ரத்தத்தை நிறுத்த வேண்டும், புது டியூபில் சலைன் ஓடவிட வேண்டும், அப்புறம்தான் போன். கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிடுகிற விடையைத் தேர்ந்தெடுத்தே நான் பாதி மார்க்கைத் தொலைத்திருப்பேன். ஏழு வருடமாக, 'டாக்டர்கிட்ட சொன்னியா சிஸ்டர்?' என்ற ஒரே கேள்விக்குத்தான் நாங்கள் பதில் சொல்லிப் பழகியிருக்கிறோம்.

இதைவிடச் சங்கடம் பேச்சு. நோயாளி "எனக்குப் பயமா இருக்கு" என்றால் எந்தப் பதில் சரி என்று கேட்பார்கள். 'பயப்படாதீங்க, எல்லாம் சரியாகிவிடும்' என்பது நாலில் ஒன்றாகக் கட்டாயம் இருக்கும், அது கட்டாயம் தப்பாகவும் இருக்கும். பொய்யான ஆறுதல் சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டாய் என்பார்கள். எனக்குக் கோபமே வந்தது. எங்கள் பக்கத்தில் ஒண்ணும் ஆவாதுங்க என்று சொல்லாத நர்ஸை யாராவது நர்ஸ் என்பார்களா? கேன்சரையே அப்பாருகிட்ட சொல்லீராதீங்க கண்ணு என்று மகன்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஊர் இது. நோயாளிக்குத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு என்று நான் அமுக்கவே கை வராது.

அந்த அக்டோபரில் நைட் டூட்டி. காங்கேயம் பக்கத்து ஆத்தா ஒருவர், ஆஞ்சியோ முடிந்து இரண்டாம் ராத்திரி. தூக்கமில்லை, மானிட்டரில் நாடி 112. "நாம் பொழச்சுக்குவனா சாமி?" என்றார். ஒண்ணும் ஆ... வரைக்கும் வாய்க்கு வந்துவிட்டது. பரீட்சைதான் ஞாபகத்துக்கு வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "எதை நெனச்சுப் பயமா இருக்குதுங்க ஆத்தா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எரும சினையா இருக்குது. இன்னிக்கோ நாளைக்கோ ஈனோணும். ஊட்ல ஒரு நாயும் ராத்திரில எந்திரிச்சுப் பாக்காது."

செத்துப்போவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெளியே பெஞ்சில் படுத்திருந்த மகனை எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். அவர் ஊருக்குப் போன் போட்டார், பக்கத்துத் தோட்டத்துக்காரர் கட்டுத்தறியிலேயே கட்டில் போட்டுப் படுத்திருப்பதாகத் தகவல் வந்தது. அரைமணி நேரத்தில் ஆத்தா குறட்டை விட்டார். நாடி 94. எருமையால்தான் இறங்கியது என்று சத்தியம் செய்ய மாட்டேன், மருந்தும் உள்ளே போயிருந்தது. ஆனால் மறுநாள் பயிற்சிக் கேள்விகளைத் திறந்தபோது அந்த மனம் சார்ந்த பகுதி எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

மறுபடி எழுத 45 நாள் இடைவெளி விட வேண்டும். நான் ஜனவரிக்குத் தேதி வாங்கினேன். யூவேர்ல்டு என்ற பயிற்சி இணையதளத்தில் தினம் 75 கேள்வி. அத்தனையையும் போட ஒன்றரை மணி நேரம், விளக்கம் படிக்க மூன்று மணி நேரம். மருந்துப் பெயர்களுக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக ஒரு அட்டவணை. நம் பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், அட்ரினலின் எபிநெஃப்ரின், சால்புட்டமால் அல்பியூட்டரால். எடை பவுண்டில் வரும், 2.2-ஆல் வகுத்துக் கிலோவாக்கிவிட்டுத்தான் டோஸ் கணக்குப் போட வேண்டும். ஆங்கிலம் வேறு காலை வாரும். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம் எனக்கு. நோயாளி சொல்வதில் எதைக் கேட்டால் இவருக்கு இன்னும் சொல்லித்தர வேண்டும் என்று நினைப்பாய் என்று ஒரு வகைக் கேள்வி உண்டு. தப்பாகச் சொல்வதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் அவசரத்தில் சரியாகச் சொல்வதை அமுக்கிவிடுவேன். அப்புறம் அந்த வகைக் கேள்வி வந்தாலே பலகையில் ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொள்ளப் பழகினேன்.

அமைதிக்கும் பழக வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு. முழு மாதிரித் தேர்வை ஞாயிறு காலையில் வைத்துக்கொண்டேன். பாப்பாவை வீட்டுக்காரர் திருப்பூரில் அவர் அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார். மாமியார் அரிசிம்பருப்புச் சோறு வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போர்த்தி வைத்துப் போவார். "அம்மிணி, ஆறிப்போகுது" என்று கதவுக்கு வெளியே கிசுகிசுப்பார், அவ்வளவுதான்.

ஜனவரித் தேர்வில் 85 வந்தது. நிற்கவில்லை. 86. வயிறு கலங்கியது. 100, 120. இரண்டு மணி நேரம் ஆனதும் இடைவேளை வேண்டுமா என்று திரை கேட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். இடைவேளையிலும் கடிகாரம் ஓடும், அதனால் ஐந்தே நிமிடம். 141-ல் திரை வெறுமையானது. இந்த முறை ஸ்வீட் வாங்கவில்லை.

மின்னஞ்சல் வந்தது ஒரு புதன்கிழமை, பதினொரு மணி இருக்கும். குடோனுக்குள் ஓடினேன். அப்பா நாலாம் தறியில் அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருந்தார். "பாஸுங்கப்பா!" என்று கத்தினேன். காதில் விழவில்லை. இன்னொரு முறை கத்தினேன். கையைக் காதுக்குப் பின்னால் குவித்தார். அப்புறம் நடந்து போய் மெயினை அணைத்தார். எட்டுத் தறியும் நின்றது. வேலை நாளில் அப்படி அவர் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"இப்பச் சொல்லு கண்ணு."

சொன்னேன். கொஞ்ச நேரம் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்ப எப்பப் போறே?" என்றார்.

ஏஜென்ட் ரெண்டே வருசம் என்றிருந்தார். நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதை அப்பாவிடம் சொன்னேன். தேர்வு முடிந்தாலும் விசா முடிந்தபாடில்லை, நர்ஸ்கள் போகிற பிரிவில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான கிரீன் கார்டு வரிசை பத்து வருடத்தைத் தாண்டி நிற்கிறது, வேண்டுமானால் கனடாவுக்குப் பார்க்கலாம் என்றேன்.

அப்பா விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "அதுக்குள்ள நம்ம பாப்பா பத்தாவது எழுதீருவா" என்றார். போய் மெயினைப் போட்டார்.