பனித் தண்ணீர் போகும் வழி: டவுன்ஹவுஸ் வரிசையில் ஏப்ரல் மாத வேலைகள்

ரொறன்ரோவைச் சுற்றி ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன் பக்கங்களில் நம்மவர்கள் பலருக்கு முதல் வீடு டவுன்ஹவுஸ்தான். சுவரும் கூரையும் பக்கத்து வீட்டோடு ஒட்டிய வீடு. மார்ச் கடைசியில் பனி கரையத் தொடங்கிய பிறகு அங்கே பழுதாகிறவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தண்ணீர்தான் காரணம். கூரையில் கிடந்த பனி கரைந்து, கூரையோரப் பீலியால் ஓடி, குழாயால் இறங்கி, மண்ணில் சரிந்து, வடிகாலில் போய் விழும்வரை அது கடக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பொறுப்பாளி உண்டு. சில இடத்தில் நீங்கள், சில இடத்தில் நிர்வாகம், சில இடத்தில் வரிசையிலுள்ள எல்லா வீடும் சேர்ந்து. எது யாருடையது என்று தெரியாமல் ஏணியையும் மண்வெட்டியையும் எடுப்பதுதான் ஒவ்வொரு ஏப்ரலிலும் நடக்கிற முதல் பிழை.

முதலில் உங்கள் டவுன்ஹவுஸ் எந்த வகை என்று பாருங்கள். ஒன்ராறியோவில் மூன்று வகை உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். ஃப்ரீஹோல்ட் என்றால் கூரை முதல் காணி வரை உங்களுடையது, மாதக் கட்டணம் இல்லை. இரண்டாவது வகையை ஏஜென்டுகள் 'பொட்டில்' என்பார்கள். வீடும் காணியும் உங்களுடையது, உள் தெரு, விசிட்டர் பார்க்கிங், குப்பை எடுக்கும் இடம் போன்றவை மட்டும் பொது. மூன்றாவது வழக்கமான கொண்டோ டவுன்ஹவுஸ், அதாவது பொதுச்சொத்தை எல்லோருக்குமாக ஒரு நிர்வாகம் பார்க்கிற வகை. அதில் கூரை, வெளிச்சுவர், வேலி, பல இடங்களில் யன்னலும்கூடப் பொதுச்சொத்து. மாதக் கட்டணம் கட்டுகிறோம், ஆகவே கூரையை அவர்கள் பார்ப்பார்கள் என்று பொட்டில் வகை வீட்டுக்காரர்கள் நம்பியிருப்பது பெரிய ஆபத்து. அந்தக் காசு தெருவுக்கானது. கூரை ஒழுகினால் செலவு முழுவதும் உங்களுடையது.

கொண்டோ வகையென்றால் 'டெக்லரேஷன்' என்ற பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். வீடு வாங்கும்போது வக்கீல் தந்த பத்திரக் கட்டுக்குள் இருக்கும், இல்லாவிட்டால் நிர்வாகத்திடம் எழுதிக் கேட்கலாம். முழுவதும் படிக்க வேண்டியதில்லை. ஷெடியூல் சி உங்கள் யூனிட்டின் எல்லை எங்கே முடிகிறது என்று சொல்லும். பெரும்பாலும் சுவரின் உட்புறப் பலகையோடு முடிந்துவிடும். ஷெடியூல் எஃப் உங்களுக்கு மட்டும் பாவிக்கத் தந்திருக்கும் பொது இடங்களைச் சொல்லும். பின்வளவும் முன்படியும் டெக்கும் அநேகமாக அங்கேதான் இருக்கும். நீங்கள் மட்டும் பாவிப்பதால் அது உங்கள் சொத்தாகிவிடாது. அதைப் பராமரிப்பது யார், திருத்துவது யார் என்று அதே பத்திரத்தில் தனித்தனியாக எழுதியிருக்கும். புல் வெட்டுவது உங்கள் வேலையாகவும், அதே வளவின் வேலியைத் திருத்துவது நிர்வாகத்தின் வேலையாகவும் இருக்கலாம். அங்கே டெக் அடிப்பது, கல் பதிப்பது, வேலியை மாற்றுவது எதற்கும் கொண்டோ சட்டத்தின் 98ஆம் பிரிவுப்படி நிர்வாகசபையின் அனுமதியும் பதிவு செய்த ஒப்பந்தமும் வேண்டும். அனுமதி இல்லாமல் கட்டியதைக் கழற்றச் சொன்னால், கட்டிய செலவும் கழற்றும் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

இனி தண்ணீரின் பின்னால் போவோம்.

கூரையில் ஏறத் தேவையில்லை, மூன்று மாடி டவுன்ஹவுஸில் ஏறவே கூடாது. தெருவின் மறுபக்கம் நின்று கைபேசிக் கமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரம் எழும்பிய ஷிங்கிள் என்ற கூரைத் தகடு, காற்றுக்குப் பறந்துபோன இடம், வென்ட் குழாயைச் சுற்றி வெடித்த ரப்பர், இவை தெரியும். கீழே குழாய் வாயில் கரும்மணல் குவிந்திருந்தால் ஷிங்கிள் மேலுள்ள மணல் உதிர்கிறது என்று அர்த்தம். கொண்டோவில் கூரையைப் புதிதாகப் போடும் காசு, பெரிய திருத்தங்களுக்கென்று ஒதுக்கி வைக்கும் ரிசேர்வ் நிதியிலிருந்து வர வேண்டும். அந்த நிதி போதுமா என்ற ஆய்வை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். வருடாந்தக் கூட்டம் நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் நடக்க வேண்டும் என்பதால், டிசம்பரில் கணக்கு முடிக்கிற இடங்களில் அது ஜூனுக்குள் வரும். நம்மவர்கள் பலர் அந்தக் கடிதத்தைப் பிரிப்பதேயில்லை. கூட்டம் செல்லுபடியாக 25 வீத வீடுகள் நேரிலோ, வேறொருவருக்கு எழுதிக் கொடுக்கும் ப்ராக்ஸியிலோ வர வேண்டும். கூரை எந்த வருடம் மாற்றப்படும், அதற்கு நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

பீலிதான் டவுன்ஹவுஸில் அதிகம் தொல்லை தருவது. ஆறு வீட்டு வரிசையில் பீலி ஒரே நீளமாக ஓடி, இரண்டு முனையிலும் மட்டும் இறங்குகுழாய் இருப்பதுண்டு. முனை வீட்டுக் குழாயின் முதல் வளைவில் இலை அடைத்தால் தண்ணீர் பின்வாங்கி நடு வீட்டின் முன்னால் வழியும். சுவரில் கறை ஒரு வீட்டில், அடைப்பு மூன்று வீடு தள்ளி. நடு வீட்டுக்காரர் தன் வாசலுக்கு மேலே உள்ள துண்டை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை. ஃப்ரீஹோல்ட் வரிசையென்றால் ஆறு வீடும் சேர்ந்து ஒரே நாளில் ஒரே ஆளைக் கூப்பிட்டுச் செலவைச் சமமாகப் பிரிப்பதுதான் சரியான வழி. தனித்தனியாகக் கூப்பிடுவதைவிட மலிவாகவும் முடியும். அந்த ஆளிடம் சரிவையும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மீட்டருக்கு ஆறு மில்லிமீட்டர் இறக்கம் வேண்டும். குளிரில் ஐஸ் பாரத்துக்கு ஆணி இளகிப் பீலி நடுவில் தொங்கிவிடும், தண்ணீர் அங்கேயே தேங்கும். உள்பக்கமாகத் திருகும் கொளுக்கியை 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் போட்டால் நிமிர்ந்து நிற்கும். வருடத்துக்கு ஒருமுறைதான் காசு செலவழிக்க முடியும் என்றால் ஏப்ரலில் செய்யாதீர்கள். சில்வர் மேப்பிள் மரம் பக்கத்தில் நின்றால் மே கடைசியிலும் ஜூனிலும் அதன் இறக்கை விதைகள் கொட்டி, சுத்தம் செய்த பீலியை ஒரே வாரத்தில் நிரப்பிவிடும். ஏப்ரலில் அடைப்பை மட்டும் எடுத்து, விதை கொட்டி முடிந்த பிறகு முழுதாகச் சுத்தம் செய்வது நல்லது.

இறங்குகுழாயின் வாய் வீட்டிலிருந்து 1.8 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அதே நேரம் பக்கத்து வளவுக்குள்ளோ பொது நடைபாதைக்கோ தண்ணீரை விடக்கூடாது. பனி வழிக்க வருகிறவர்களுக்கு இடைஞ்சல் என்று குளிருக்கு முன் கழற்றி வைத்த நீட்டுக்குழாயை மறுபடி பூட்ட மறப்பது பேஸ்மென்ட் ஈரத்துக்கு ஒரு முக்கிய காரணம்.

சுவரோரம் மண்ணைப் பாருங்கள். வீடு கட்டும்போது அத்திவாரத்தைச் சுற்றி நிரப்பிய மண் வருடக்கணக்காகத் தாழும். இப்போது அது வீட்டுப் பக்கம் சரிந்திருந்தால் பனித் தண்ணீர் நேரே சுவருக்குப் போகும். முதல் இரண்டு மீட்டருக்குள் பத்து சென்டிமீட்டர் இறக்கம் வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். நிரப்பக் களிமண் கலந்த மண் போடுங்கள். தோட்டக்கடையின் கறுப்பு மண் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். செங்கல் வரிசையின் அடியில் விரல் நுழையும் சின்ன இடைவெளிகள் இருக்கும், சுவருக்குள் போன ஈரம் வெளியேறும் வாசல் அவை. மண்ணோ, செடியடியில் பரப்பும் மல்ச்சோ அவற்றை மூடக்கூடாது. மண்மட்டம் செங்கல் தொடங்கும் இடத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே நிற்கட்டும்.

பேஸ்மென்ட் யன்னலுக்கு வெளியே தகரக் குழி இருந்தால் அதிலுள்ள இலையைக் கையால் அள்ளி எடுங்கள். அடியில் சரளைக்கல் தெரிய வேண்டும். நடுவில் நிமிர்ந்து நிற்கும் குழாய் அத்திவார வடிகாலுக்குப் போவது, அதன் மூடி அடைத்தால் குழி தொட்டியாகிவிடும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, சில நிமிடத்தில் வடிகிறதா என்று பாருங்கள். வடியாவிட்டால் கொண்டோவில் அது நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டிய விஷயம்.

சம்ப் பம்ப், அதாவது பேஸ்மென்ட் குழியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப், உள்ள வீட்டில் இருபது லீட்டர் தண்ணீரை ஆறுதலாகக் குழிக்குள் ஊற்றுங்கள். மிதவை எழும்பி, பம்ப் ஓடி, குழியை வெறுமையாக்கித் தானாக நிற்க வேண்டும். சத்தம் மட்டும் வந்து தண்ணீர் குறையாவிட்டால் உள்ளே கல் சிக்கியிருக்கலாம், அல்லது மேலே குழாயில் உள்ள ஒருவழி வால்வு இறுகியிருக்கலாம், அல்லது வெளிவாய் இன்னும் ஐஸில் அடைத்திருக்கலாம். பம்ப் நின்றதும் தண்ணீர் தடதடவென்று திரும்பி விழுந்தால் அந்த வால்வு போய்விட்டது. பிளக் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். வெள்ளம் வந்த பிறகுதான் பிளக் கழன்றிருந்தது பலருக்குத் தெரியவருகிறது.

வெளிக்குழாயைத் திறப்பதை இரண்டு பேர் செய்ய வேண்டும். கடும் குளிர் இரவுகள் ஓய்ந்த பிறகு, ஏப்ரல் கடைசி வாரம் பொருத்தமான நேரம். உள்ளே வால்வு உள்ள வீட்டில், முதலில் வால்வின் பக்கத்திலுள்ள சின்ன மூடியை இறுக்குங்கள். இலையுதிர் காலத்தில் தண்ணீரை வடிக்கத் திறந்த மூடி அது. பிறகு வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். ஒருவர் வெளியே நின்று ஐந்து நிமிடம் முழுதாகத் தண்ணீரைத் திறந்துவிட, மற்றவர் உள்ளே அந்தச் சுவரையும் பேஸ்மென்ட் கூரையையும் டோர்ச் அடித்துப் பார்த்தபடி நிற்க வேண்டும். உறையாத வகைக் குழாயில் தண்ணீரை மறிக்கும் இடம் சுவருக்குள்ளே, வெளியிலிருந்து இருபது முப்பது சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். குளிர் முழுவதும் ஹோஸைக் கழற்றாமல் விட்டிருந்தால் அந்த இடைத் துண்டில் நின்ற தண்ணீர் உறைந்து செப்புக் குழாயைப் பிளந்திருக்கும். குழாய் மூடியிருக்கும்வரை ஒரு சொட்டும் வராது, திறந்தால்தான் சுவருக்குள் கொட்டும். வெளியே நிற்பவர் கட்டைவிரலால் வாயை அடைத்துப் பார்க்கலாம். நல்ல குழாயின் வேகத்தை விரலால் மறிப்பது கஷ்டம். சுலபமாக மறிபட்டால் தண்ணீர் வேறு வழியில் போகிறது என்று சந்தேகியுங்கள், உடனே மூடுங்கள். கொண்டோவில் இது காசுப் பிரச்சினையும்கூட. நீங்கள் செய்ததாலோ செய்யத் தவறியதாலோ உங்கள் யூனிட் சேதமானால், கொண்டோவின் காப்புறுதியில் முதலில் கட்ட வேண்டிய கழிவுத்தொகை வரை உங்கள் கணக்கில் ஏற்றச் சட்டத்தின் 105ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தத் தொகை பல ஆயிரம் டொலராக இருக்கும். உங்கள் சொந்தக் காப்புறுதி அதை ஏற்கிறதா என்று தரகரிடம் இந்த மாதமே கேளுங்கள்.

உள்வேலைகள் சுருக்கமானவை. ஃபர்னஸ் ஃபில்ரரை மாற்றுங்கள். ஹியூமிடிஃபையரின் தண்ணீரை மூடி அதன் காற்றுவழித் தட்டைக் கோடைக்குத் திருப்புங்கள். வெளியே 15 பாகைக்குக் கீழே இருக்கும்போது ஏசியைப் போட்டுப் பார்க்காதீர்கள். உலர்த்தியின் வெளிவாயில் குருவி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

வளவில் அவசரம் வேண்டாம். நடந்தால் காற்தடம் பதிகிற ஈரத்தில் புல்லை வாரினால் வேரோடு வரும். பனி வழிக்கும் வண்டி கிளப்பிய புல்லையும் உடைத்த ஓரக்கல்லையும் ஒப்பந்தக்காரரே திருத்தித் தருவது பல ஒப்பந்தங்களில் உண்டு, ஆனால் அதற்குக் கெடு இருக்கும். ஆகவே நிர்வாகத்துக்கு ஏப்ரலிலேயே எழுதுங்கள். ஒரு பழுதுக்கு ஒரு மின்னஞ்சல், அளவுநாடாவை வைத்து எடுத்த ஒரு படம், வீட்டு இலக்கம். 'வேலி சரியில்லை' என்று எழுதினால் அது கிடப்பில் கிடக்கும். 'பின்வேலியில் வலமிருந்து மூன்றாவது கம்பம் 8 சென்டிமீட்டர் மேலே எழும்பி, கதவு பூட்டவில்லை' என்று எழுதினால் ஆள் வருவார். கம்பம் எழும்புவதற்குக் காரணம் நிலத்து உறைவு. 1.2 மீட்டர் ஆழத்துக்குக் குறைவாகப் புதைத்ததை ஒவ்வொரு குளிரும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளும். ஃப்ரீஹோல்ட் வீட்டில் நீங்களே தோண்டுவதானால் முதலில் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவியுங்கள். காசு இல்லை, காஸ் குழாயும் மின்கம்பியும் போகும் இடத்தைக் குறித்துத் தருவார்கள். டவுன்ஹவுஸ் வளவு ஒடுங்கியது, கம்பிகள் நெருக்கமாகத்தான் போகும்.

பின்வேலியோரம் ஆறு வீட்டுக்கும் பொதுவாக ஒரு மெல்லிய பள்ளம் ஓடும். பார்த்தால் சும்மா புல்தரை. ஆனால் வரிசை முழுவதின் தண்ணீரும் அந்த வழியால்தான் போகிறது, அதை மூட நகரசபை விதிகளிலும் இடமில்லை. கீரைப்பாத்தி போடவும் ஷெட் வைக்கவும் வசதியான இடமாகத் தெரிவதால் யாராவது ஒருவர் அதில் மண்ணைக் கொட்டுவார். மேல்பக்க வீடுகள் எல்லாம் குளமாகும், கொட்டியவரின் வளவு மட்டும் காய்ந்திருக்கும், அதனால் அவருக்கு விளங்கவே விளங்காது. மழை பெய்யும்போது அவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள். கோபமாகப் போகத் தேவையில்லை, தேங்கியிருக்கும் தண்ணீரைக் கண்டால் அவரே பாத்தியை உயர்த்திய பெட்டிக்கு மாற்றுவார்.

அந்தப் பள்ளம் போய் முடிகிற இடத்தில் இரும்பு வலையிட்ட வடிகால் இருக்கும். வலைமேல் உள்ள இலையையும் பனியோடு வந்த குப்பையையும் யார் வேண்டுமானாலும் வாரியால் இழுத்துவிடலாம், அதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. வலையைத் தூக்கி உள்ளே கையை விடாதீர்கள். மழை விட்டு ஒரு நாளாகியும் மேலே தண்ணீர் நின்றால் அடியில் மணல் நிரம்பியிருக்கிறது. அதை உறிஞ்சி எடுக்க லொறி வர வேண்டும், கொண்டோவிலும் பொட்டில் வகையிலும் அந்தச் செலவு எல்லோருடைய மாதக் கட்டணத்திலிருந்தும் போகும். குளிர் முழுவதும் தெருவில் கொட்டிய மணலும் உப்பும் அங்கேதான் சேர்கின்றன. மே மாத இடிமழைக்கு முன் அதைத் துப்புரவாக்கும் திகதியை நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கி வையுங்கள்.