எம்.எஸ்ஸும் பாலாவும்: மதுரையிலிருந்து மண்ணடி வரை

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு புகைப்படம். 1937இல் எடுத்தது என்கிறார்கள். இரண்டு இளம்பெண்கள், மேல்நாட்டுப் பாணியில் இரவு உடுப்பு, வாயில் சிகரெட். ஒருவர் பாடகி எம்.எஸ்.சுப்புலட்சுமி. இன்னொருவர் நாட்டியக் கலைஞர் டி.பாலசரஸ்வதி. சினிமாவுக்குப் போட்ட வேஷம் இல்லை. பெரியவர்கள் கண்ணில் படாமல் ஸ்டூடியோவுக்குப் போய் விளையாட்டாக எடுத்துக்கொண்டது என்றுதான் சொல்லப்படுகிறது.

தினமும் எம்.எஸ். பாடிய சுப்ரபாதம் போட்டு எங்களை எழுப்பிய அம்மாவிடம் இதைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "யாரோ கம்ப்யூட்டர்ல ஒட்டுப் போட்டிருக்காங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சரி, இந்த இருவரும் எங்கிருந்து வந்தார்கள் என்றாவது பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். கல்லூரி ஹாஸ்டலில் என் அறைத்தோழியாக இருந்தவளும் சேர்ந்துகொண்டாள். அவளுக்குக் கர்நாடக சங்கீதம் என்றால் கொட்டாவி வரும். மதுரை என்றதும் ஜிகர்தண்டா என்றாள்.

மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குப் பக்கம் முழுக்க லாட்ஜுகள், துணிக்கடைகள், "ரூம் வேணுமா சார்" குரல்கள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் அனுமந்தராயன் கோயில் தெரு, எம்.எஸ். வளர்ந்த வீடு இருக்கும் இடம். வழி கேட்டால் "எந்த எம்.எஸ்., டாக்டரா?" என்றார் ஒருவர். இஸ்திரி வண்டிக்காரர்தான் கையை நீட்டி, "மேல பாருங்கக்கா, வீணை தெரியுதா?" என்றார். தெரிந்தது. முகப்பின் உச்சியில் ஒரு வீணை. தலை நிமிர்ந்து நடக்காவிட்டால் தவறவிட்டுவிடுவோம். கீழே மோட்டார் சைக்கிள்களும் கேபிள் வயர்களும் இருக்கும்போது யார் மேலே பார்க்கிறார்கள்?

அந்த வீணை எம்.எஸ்ஸின் அம்மாவுடையது. எம்.எஸ். என்ற முன்னெழுத்துகளில் இருப்பது அப்பா பெயர் அல்ல, மதுரை சண்முகவடிவு. வீணைக் கலைஞர். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். 1916 செப்டம்பர் 16 அன்று பிறந்த குழந்தையைச் சுற்றி, தொட்டதெல்லாம் வாத்தியமாக இருந்திருக்கிறது. பத்து வயதிலேயே இசைத்தட்டு கொடுத்தாகிவிட்டது.

எனக்குப் பிடித்தது அதற்கும் முந்தைய கதை, எம்.எஸ்ஸே சொன்னது. மண்ணைக் குழைத்து விளையாடிக்கொண்டிருந்தவரை யாரோ அப்படியே தூக்கி, கை, பாவாடையெல்லாம் தட்டிவிட்டு, சேதுபதி பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அம்மாவின் கச்சேரி. அம்மா பாடச் சொன்னார், பாடினார். கைதட்டல் மனதில் ஏறவே இல்லையாம். மண்ணுக்குத் திரும்பிப் போகிற நினைப்பாகவே இருந்ததாம். அந்தப் பள்ளி வாசலுக்கும் போனோம். "இது பாரதியார் வாத்தியார் வேலை பார்த்த ஸ்கூல்டி" என்று தோழி எனக்குப் பாடம் எடுத்தாள். 1904இல் சில மாதங்கள், உண்மைதான். வாட்ச்மேன் எங்களை உள்ளே விடவில்லை, வேலை நாளில் விடவும் கூடாது.

விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்தோம். அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

மறுநாள் வைகை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு. கொடைரோடு தாண்டியதும் தோழி கேட்டாள்: "ஏண்டி, ரெண்டு பேரும் ஒரே மாதிரி குடும்பம்தானே? அப்புறம் எப்படி ஒருத்தர் சாமி மாதிரி ஆனாங்க, இன்னொருத்தர் பேரே எனக்குத் தெரியல?"

சங்கீதம் தெரியாதவள் கேட்ட இந்தக் கேள்விக்கு விழுப்புரம் வரை பதில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

இருவரும் இசை வேளாளர் மரபில், தாய்வழியில் கலை இறங்கிவந்த வீடுகளில் பிறந்தவர்கள். பாலா 1918 மே 13 அன்று சென்னையில் பிறந்தார். பாட்டி வீணை தனம்மாள், அம்மா பாடகி ஜெயம்மாள். குரு கந்தப்பப் பிள்ளை. 1925இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அம்மன் சன்னதியில் அரங்கேற்றம். அப்போது சதிர் என்று பெயர். அதை ஆடுகிறவர்களை ஊர் பேசிய பேச்சு வேறு. 1947இல், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதற்குள் ஆட்டம் பரதநாட்டியம் என்று பெயர் மாறி, வேறு வீட்டுப் பெண்கள் மேடைக்கு வந்துவிட்டார்கள்.

எம்.எஸ். 1936இல் மதுரையை விட்டுச் சென்னைக்கு வந்தார். 1940இல் சதாசிவத்தை மணந்தார். பேச்சு, நடை, உடை எல்லாம் அவருடைய பிராமண வீட்டுக்குரியதாக மாறின. மீரா படம் 1945இல். வைர மூக்குத்தி, மல்லிகைச் சரம், காஞ்சிப் பட்டு, அவர் உடுத்திய நீலத்துக்கே 'எம்.எஸ். புளூ' என்று பெயர். 1966இல் ஐ.நா. சபையில் பாடினார். 1998இல் பாரத ரத்னா.

பாலா எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. சிருங்காரம், அதாவது காதல் ரசம், ஆபாசம், பக்திதான் வேண்டும் என்று மற்றவர்கள் சுத்தம் செய்யக் கிளம்பியபோது, சிருங்காரத்தைவிட உயர்ந்த ரசம் இல்லை என்றார். ஆடிக்கொண்டே தானும் பாடுவார். மேடை வெளிச்சத்திலும் நகையிலும் கவனம் இல்லை. இடையில் இங்கே வாய்ப்புகள் வற்றின. 1961இல் டோக்கியோ, 1962இல் அமெரிக்கா, 1963இல் எடின்பரோ என்று உலகம் எழுந்து நின்று பார்த்தது.

இதை வைத்து, எம்.எஸ். பணிந்துபோனார், பாலா போராடினார் என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். வெறும் பணிவினால் அந்தக் குரல் வந்துவிடாது. பாலாவின் பிடிவாதத்தையும் போராட்டம் என்று சொல்வதைவிட, வீட்டில் கற்றது போதும் என்ற கர்வம் என்றே சொல்வேன். இருவரின் நட்பில் எனக்குத் தோன்றுவது இதுதான்: ஊருக்கு முன்னால் ஒருவர் தன் பிறந்த வீட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க வேண்டியிருந்தது, இன்னொருவர் அதற்காக வாதாட வேண்டியிருந்தது. தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது இரண்டும் தேவைப்பட்டிருக்காது. அந்தப் படத்தில் இருக்கும் குறும்பு அந்த நிம்மதியில் வருவது என்று நினைக்கிறேன். இது என் யூகம்தான்.

சென்னையில் மண்ணடி மெட்ரோவில் இறங்கி ஜார்ஜ் டவுனுக்குள் நடந்தோம். ராமகிருஷ்ணா தெருவில்தான் பாலாவின் பாட்டி தனம்மாள் இருந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். சென்னையின் வித்வான்களெல்லாம் வந்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். சின்னச் சத்தம் வந்தாலும் அம்மாளுக்குப் பிடிக்காது. நாங்கள் போன நேரத்தில் மீன்பாடி வண்டியில் அட்டைப் பெட்டிகளை அடுக்கி ஒருவர் "ஓரம்… ஓரம்…" என்று கத்திக்கொண்டு வந்தார். பின்னால் குட்டியானை லாரி, ஹாரனில் கை வைத்தபடி. மைக் இல்லாத காலத்தில், நகத்தால் மீட்டிய ஒரு வீணை இங்கே கேட்டிருக்கிறது என்பதை நம்புவது, எங்கள் அம்மா அந்தப் படத்தை நம்புவதைவிடக் கஷ்டம். பழைய வீடு எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பேப்பர் கடைக்காரரிடம் கேட்டேன். "வீணையா? ரிப்பேரா, விக்கறதா?" என்றார்.

அங்கிருந்து மயிலாப்பூர். கபாலீசுவரர் கோயிலில் ஆடிய கௌரி அம்மாளைப் பார்த்துத்தான் சின்ன வயதில் பாலாவுக்கு ஆட்டத்தில் பைத்தியம் பிடித்தது. பின்னால் அவரிடமே அபிநயமும் கற்றார். குளத்தைச் சுற்றி ஒரு நடை, ஒரு ஃபில்டர் காபி, அவ்வளவுதான்.

கடைசியாக மியூசிக் அகாதெமி. சீசன் இல்லாததால் வெறிச்சோடிக் கிடந்தது. இருவரின் வரலாறும் வந்து சேர்கிற இடம் இந்த நிறுவனம்தான். 1933இல், சதிர் கூடாது என்று குரல்கள் உரத்திருந்த நேரத்தில், பதினைந்து வயதே ஆன பாலாவை அகாதெமி மேடையேற்றியது. 1953இல் அவருக்காகவே நடனப் பள்ளி தொடங்கியது. 1968இல் எம்.எஸ்ஸுக்கு அகாதெமியின் உயர்ந்த விருதான சங்கீத கலாநிதி, அதைப் பெற்ற முதல் பெண். ஐந்து வருஷம் கழித்து, 1973இல், அதே விருது பாலாவுக்கு. பாட்டுக்காரர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் உரிய பட்டத்தை ஒரு நாட்டியக்காரர் வாங்கினார். எனக்கு இது பாரத ரத்னாவைவிடப் பெரிய செய்தி. அந்த வீட்டில் ஆட்டமும் பாட்டும் வேறு வேறாக இருந்ததில்லை என்பதை அகாதெமியே ஒப்புக்கொண்ட மாதிரி.

பாலா 1984 பிப்ரவரியில் போய்விட்டார். எம்.எஸ். அதற்குப் பிறகு இருபது வருஷம் இருந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: மதுரை வீட்டைக் காலையில் கடைகள் திறக்கும் முன் பாருங்கள், அண்ணாந்து நிற்க இடம் கிடைக்கும். ஜார்ஜ் டவுனுக்கு ஞாயிற்றுக்கிழமை போங்கள். கிளம்பும் முன் சத்யஜித் ராய் 1976இல் எடுத்த 'பாலா' ஆவணப்படத்தைப் பார்த்துவிடுங்கள், அரை மணி நேரம்தான். கடற்கரையில் காற்று புடவையைப் பிடித்து இழுக்க, அவர் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருப்பார். எம்.எஸ். கல்யாணம் நடந்த திருநீர்மலை மட்டும் பாக்கி. மலைக்கோயில், படி ஏற வேண்டும் என்றதும் தோழி, "நீ போயிட்டு வாடி, நான் கீழ் கோயில்லயே பெருமாளப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். பல்லாவரம் வரை வருவாளாம்.