ஊட்டி ரயிலில் எந்தப் பகுதியைத் தவறவிடக் கூடாது?

ஊட்டிக்குப் போகிறவர்களில் பலர் குன்னூரில் ஏறி ஊட்டியில் இறங்கிவிட்டு, மலை ரயிலைப் பார்த்தாயிற்று என்று திரும்பிவிடுகிறார்கள். அந்த வழியில் வரும் கேத்திப் பள்ளத்தாக்கு அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே ஓடுவது டீசல் எஞ்சின், பாதையும் சாதாரணப் பாதை. எஞ்சினின் பல்சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல் வைத்த பட்டையைப் பிடித்து ஏறும் பல்சக்கரப் பாதை, இந்தியாவில் வேறெங்கும் இல்லாதது, கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான் இருக்கிறது. ஒரு தடவைதான் போக முடியும் என்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுங்கள்.

வண்டி காலை 7.10-க்குக் கிளம்பும். அரை மணி நேரம் முன்னதாகவே போய் நீராவி எஞ்சின் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் சிலிண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இருக்கும். கீழே உள்ளது வழக்கமான சக்கரங்களுக்கு, மேலே உள்ளது அடியில் மறைந்திருக்கும் பல்சக்கரத்துக்கு. கல்லாறு வரை சுமார் 8 கி.மீ. சமதளம், அதனால் மேல் சிலிண்டருக்கு வேலையில்லை. அதன் பிறகு 12 அடிக்கு 1 அடி என்ற ஏற்றம். வெறும் இரும்புச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். கீழ் சிலிண்டரில் ஒருமுறை உழைத்த நீராவியே மேல் சிலிண்டருக்குள் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும்.

கல்லாறில் தண்டவாளங்களுக்கு நடுவே பாருங்கள். பல் வைத்த பட்டைகள் இரண்டு இணையாக ஓடும். ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதில் பள்ளம் இருக்கும்படி மாற்றி வைத்திருப்பார்கள். ஒரு பல் விடுபடும்போது பக்கத்துப் பல் பிடித்திருக்கும், பிடி ஒரு நொடிகூடத் தளராது. பட்டை தொடங்கும் இடத்தில் வண்டி நடை வேகத்துக்குக் குறையும். பல்லோடு பல் சரியாகப் பொருந்தாவிட்டால் இரண்டும் சேதமாகும் என்பதால்தான் அந்த நிதானம்.

ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். ஆகவே முன் பெட்டியில் பாதை விரிந்து தெரியும், கடைசிப் பெட்டியில் எஞ்சினின் மூச்சிரைப்பு காதருகே கேட்கும். எனக்குக் கடைசிப் பெட்டிதான் பிடிக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் போட ஒரு ஊழியர் (பிரேக்ஸ்மேன்) இருப்பார். வண்டி ஓடும்போது அவர் நிற்கும் மேடைக்குப் போகாதீர்கள்.

வழியில் ஹில்குரோ நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் பிடிக்கும்போது இறங்கலாம். தின்பண்டத்தைக் கையில் வைத்திருந்தால் குரங்கு பிடுங்கிவிடும்.

1899-இல் திறந்த பாதை குன்னூரோடு நின்றது, ஊட்டியைத் தொட்டது 1908-இல். குன்னூரில் எஞ்சின் மாற்றும் நேரத்தில் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்காதீர்கள். கழற்றிக்கொண்டு போகும் நீராவி எஞ்சினை முழு உருவத்தில் பார்க்க அதுதான் சமயம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து பாதை அடிக்கடி மூடப்படும். அந்த மாதங்களில் முதல் நாள் இரவே வண்டி ஓடுகிறதா என்று விசாரித்துக்கொண்டு, மறுநாளையும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.