ரீ-என்ட்ரி வெப்பக் கவசம்: வைவாவில் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

ரீ-என்ட்ரி என்றால் விண்கலம் வளிமண்டலத்துக்குள் திரும்பி நுழைவது. அதன் வெப்பக் கவசம் பற்றி வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்தை ஒட்டிய சூலூர்ப்பேட்டை, தடா, ஆரம்பாக்கம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதலில் ஒன்று. ராக்கெட் ஏவும்போது ‘ஹீட் ஷீல்டு பிரிந்தது’ என்று நேரலையில் கேட்டே வளர்ந்திருப்பீர்கள். அது செயற்கைக்கோளை மூடியிருக்கும் முனைக்கூடு. மேலே ஏறும்போதே கழன்றுவிட வேண்டும். 2017 ஆகஸ்டில் பிஎஸ்எல்வி-சி39 தோற்றது அது கழலாததால்தான். ரீ-என்ட்ரி கேள்விக்கு அதை உதாரணமாகச் சொன்னால் மார்க் போச்சு. சொல்ல வேண்டியது எஸ்ஆர்இ-1, இஸ்ரோ விண்வெளிக்கு அனுப்பித் திரும்ப இறக்கிய சோதனைக் கலம். 2007 ஜனவரி 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 22 அன்று வங்கக் கடலில் இறங்கியது. மூக்கில் கார்பன் ஃபீனாலிக் (கார்பன் நாரும் பிசினும் சேர்ந்த பொருள்), மற்ற இடங்களில் சிலிக்கா டைல் (சூட்டை எளிதில் கடத்தாத ஓடு).

‘உராய்வால் சூடாகிறது’ என்று ஆரம்பிக்காதீர்கள். ஒதுங்க நேரமில்லாத காற்று கலத்தின் முன்னால் அமுங்கி அதிர்ச்சி அலையாகிறது. சூட்டில் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது. மழுங்கிய முகம் அந்த அலையைத் தள்ளி நிறுத்துவதால் பெரும்பாலான வெப்பம் காற்றோடு போய்விடும். முனையின் ஆரத்தை 4 மடங்காக்கினால் அங்கே வெப்பப் பாய்வு (பரப்பின் மீது நொடிக்கு விழும் வெப்பம்) பாதியாகும்.

கணக்கையும் போட்டுக் காட்டுங்கள். பூமியைச் சுற்றும் கலத்தின் வேகம் நொடிக்கு 7.8 கி.மீ. என்றால் அதன் ஒவ்வொரு கிலோவுக்கும் இயக்க ஆற்றல் சுமார் 30 மெகாஜூல். 30 டிகிரியில் இருக்கும் 12 கிலோ தண்ணீரை ஆவியாக்கிவிடும். நிலவிலிருந்து திரும்பும்போது 11 கி.மீ.: ஆற்றல் 2 மடங்குதான், பாய்வோ v³ (வேகத்தின் மும்மடி) கணக்கில் 2.8 மடங்கு. கதிர்வீச்சு வெப்பம் அதற்கு மேல்.

அதிகம் பேர் சறுக்குவது இங்கே. சரியான பதில்: உச்சப் பாய்வைப் பார்த்துக் கவசத்தின் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மொத்த வெப்பத்தைப் பார்த்துத் தடிமனை. செங்குத்தாக இறங்கினால் பாய்வு கூடும், நேரம் குறையும். சாய்வாக வந்தால் பாய்வு குறையும். ஆனால் சூடு நின்று நிதானமாக உள்ளே இறங்கும், கவசம் தடிக்க வேண்டும்.

‘கவசம் எரிந்துபோய்க் காப்பாற்றுகிறது’ என்பது அரைப் பதில். கார்பன் ஃபீனாலிக் போன்ற கவசத்தில் இருக்கும் பிசின் சிதைந்து வாயுவாகிறது, மிச்சம் கரியாகிறது. அது கரியின் துளைகள் வழியே வெளிவந்து சூடான காற்றைத் தள்ளிப்பிடிக்கிறது. கரிப் பரப்பும் வெப்பத்தைக் கதிர்வீசி வெளியேற்றுகிறது. வாயுவுக்கு வழியில்லை என்றால் என்னாகும்? 2022-இல் நிலவுக்குப் போய்த் திரும்பிய நாசாவின் ஆளில்லாப் பயணமான ஆர்ட்டெமிஸ்-1 காட்டியது. அதன் கலமான ஓரியன் ஒருமுறை வளிமண்டலத்தில் மூழ்கி, மேலெழும்பி, மறுபடி இறங்கியது. இடையில் வெளிச்சூடு தணிந்தும் உள்ளே வாயு உருவாகிக்கொண்டே இருந்தது. ஓரியனின் கவசப் பொருளான ஆவ்கோட் அதை வெளியே விடவில்லை. அழுத்தம் ஏறி, விரிசல் விட்டு, கரி துண்டு துண்டாகப் பெயர்ந்தது.

டைல் பற்றிக் கேட்டால், அடியில் ஏன் ஃபெல்ட் (நெகிழும் கம்பளித் துணி போன்ற அடுக்கு), டைல்களுக்கு நடுவில் ஏன் இடைவெளி என்பதுதான் அடுத்த கேள்வி. 2011 வரை பறந்த நாசாவின் விண்வெளி ஓடத்தில் அலுமினிய உடல் சுமார் 175 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள்ளேயே அது விரியும் அளவுக்கு சிலிக்கா விரியாது; நேராக ஒட்டினால் டைல் பிளக்கும். அந்த வித்தியாசத்தைத் தாங்கத்தான் ஃபெல்ட்டும் இடைவெளியும். இடைவெளி அகலமானாலும் ஆபத்து, சூடான வாயு உள்ளே புகும். அதனால்தான் தேவையான இடங்களில் கேப் ஃபில்லர் (இடைவெளியை அடைக்கும் பட்டை) செருகினார்கள்.