டன்ஜன் சாமான்களை விற்ற அனுபவம்

ஓக்லாந்து வீட்டில் பின்னறை முழுக்க எங்கள் டன்ஜன்தான், அதாவது பரஸ்பர சம்மதத்தோடு கட்டிப்போடுவது, அடக்கி ஆள்வது போன்ற பாலியல் விளையாட்டுக்கான (பிடிஎஸ்எம்) அறை. ஆளுயரத்தைத் தாண்டும் எக்ஸ் வடிவ மரச்சட்டம் (செயின்ட் ஆண்ட்ரூஸ் கிராஸ்), மெத்தை தைத்த பெஞ்ச், கயிற்றில் ஆளைத் தொங்கவிடும் இரும்பு ஃபிரேம், ஒரு கூண்டு. அபார்ட்மென்டுக்கு மாறுவதென்று முடிவானதும் எல்லாவற்றையும் விற்க வேண்டியதாயிற்று.

ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸ் விதிகளில் இந்த மாதிரிப் பொருளுக்கு இடமில்லை, ஈபேயும் 2021 ஜூனில் கெடுபிடியை இறுக்கிவிட்டது. 'உடற்பயிற்சி பெஞ்ச்' என்று மாற்றி எழுதிப் போடலாமே என்றார் ஒரு நண்பர். எனக்கு ஒப்பவில்லை. விஷயம் தெரியாமல் வருகிறவரிடம் வீட்டு வாசலில் நின்று என்ன விளக்குவது? பிடிஎஸ்எம் ஆர்வலர்களுக்கான சமூக வலைத்தளமான ஃபெட்லைஃபில் எங்கள் ஊர்க் குழுவிலேயே போட்டோம், அதுவும் ஆகஸ்டில், ஏனென்றால் செப்டம்பர் கடைசி ஞாயிறு சான் பிரான்சிஸ்கோவில் பிடிஎஸ்எம், தோலுடைப் பிரியர்கள் கூடும் ஃபோல்சம் தெருவிழா, 1984-லிருந்து நடக்கிறது, அதையொட்டி இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் உற்சாகம் கூடும்.

படம் எடுக்கும் முன் சுவரில் இருந்ததையெல்லாம் கழற்றினோம், படத்தோடு ஒட்டியிருக்கும் இருப்பிடத் தகவலையும் அழித்தோம். நீளம், அகலம், எடை, வாசல் வழியாகப் போகுமா, எதைக் கழற்றலாம் என்று எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். அந்த எக்ஸ் தாழ்ந்த கூரையுள்ள பேஸ்மென்டில் நிற்கவே நிற்காது.

அதிக வேலை வாங்கியது சுத்தம்தான். வினைல் உறை என்றால் முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்து, அப்புறம் கிருமிநாசினி போட்டு, பாட்டிலில் எழுதியிருக்கிற நிமிடக் கணக்குக்கு ஈரமாகவே விட வேண்டும், உடனே துடைத்தால் பயனில்லை. தோல் அப்படியில்லை, வியர்வையோ வேறெதுவோ உள்ளே இறங்கிவிட்டால் முழுசாகப் போகாது. பெஞ்சில் இருந்தது தோல், அதனால் உறையையும் ஃபோமையும் பிய்த்துக் குப்பையில் போட்டுவிட்டு வெறும் மரமாகவே விற்றோம். விலை குறைந்தது, பரவாயில்லை.

ஃபிரேமோடு கொக்கி, ஐ-போல்ட் (தலையில் வளையம் உள்ள போல்ட்), கேரபினர் (திறந்து மூடும் உலோக வளையம்) எதையும் கொடுக்கவில்லை. ஒருவர் முகம் சுளித்தார். ஆனால் சும்மா தொங்குகிற எடை வேறு, ஆள் துள்ளும்போது இழுக்கிற விசை வேறு; எத்தனை முறை எப்படி இழுபட்டது என்று தெரியாத போல்டை நம்பி இன்னொருவரைத் தொங்கவிடக் கூடாது. புதிதாக, தாங்கும் எடை பொறித்ததாக வாங்கிக்கொள்ளச் சொன்னோம்.

'ஆளோடு படம் உண்டா, டெமோ காட்டுவீர்களா' என்று கேட்டவர்களை உடனே பிளாக் செய்தோம். வாங்கும் எண்ணம் உள்ளவர் மரம் என்ன, போல்ட் அளவு என்ன என்றுதான் கேட்பார். அவர்களை முதலில் ஒரு காபிக்கடையில் பார்த்துப் பேசிவிட்டு, பகலில் வீட்டுக்கு வரச்சொல்லி, ரொக்கம் வாங்கிக்கொண்டோம். வண்டியில் ஏற்றும்போது பக்கத்து வீட்டுத் தமிழ் அங்கிள் வந்து "ஜிம் சாமானா தம்பி?" என்று ஒரு முனையைத் தூக்கியும் கொடுத்தார். ஆமாம் அங்கிள் என்றேன்.

கூண்டுக்குத்தான் ஆளே இல்லை. கனமும் அதிகம், கழற்றவும் முடியாத வெல்டிங். கடைசியில் லாரியோடு வந்தால் இலவசம் என்று போட்டதும் அன்று மாலையே எடுத்துப்போய்விட்டார்கள்.