பிழைச்சதா, செத்ததா?

கொசுவின் டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல் படத்தில் ஒரு மங்கலான பட்டை. "மேடம், இதை எப்படி எழுதறது?" என்றுதான் உதவியாளர் கேட்டார். நான் படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "அது பிழைச்சதா, செத்ததா?" என்றேன்.

"பிழைச்சது."

"அப்ப ஹெட்டிரோன்னு போடுப்பா."

ஹெட்டிரோ என்றால் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு மரபணு ஒரு பிரதி, எதிர்ப்பில்லாதது ஒரு பிரதி. அனுபவம் பேசுகிறது என்றுதான் அப்போது நினைத்தேன். பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி தடவிய தாளோடு ஒரு மணி நேரம் குழாயில் இருந்து, 24 மணி நேரம் கழித்தும் உயிரோடிருந்த கொசு அது. எதிர்ப்பு மரபணுவின் ஒரு பிரதியாவது அதனிடம் இருக்கும் என்று நினைப்பது இயல்புதானே? இயல்புதான். ஆனால் அந்தப் பரிசோதனை கண்டுபிடிக்க வேண்டியிருந்ததே அதைத்தான்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அனோபிலிஸ் காம்பியே கூட்டம் என்ற மலேரியாக் கொசு இனத்தொகுதியின் கேடிஆர் மாற்றம், அதாவது பைரித்ராய்டை எதிர்க்க உதவும் மரபணு மாற்றம். நரம்புச் செல்லின் சோடியம் வாயிலில் 1014ஆம் இடத்தில் (எண் வீட்டு ஈயின் வரிசைப்படி) லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஃபெனைல்அலனின் வந்து உட்காரும். மரபணுவில் டிடிஏ என்பது டிடிடி ஆகிறது, ஓர் எழுத்து மாற்றம், அவ்வளவே. டிஎன்ஏ துண்டுகளைப் பெருக்கும் பழைய பிசிஆர் முறையில், பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டுகளான பிரைமர்கள் நான்கும் ஒரே குழாயில் போட்டியிடும். 293 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) நீளப் பட்டை வினை நடந்ததற்குச் சாட்சி, 195 எதிர்ப்புக்கு, 137 பாதிப்புக்கு, அதாவது எதிர்ப்பில்லாத வகைக்கு. 195, 137 இரண்டும் தெரிந்தால் ஹெட்டிரோ.

சிக்கல் 195 மங்கலாக வரும்போதுதான். அதற்கு நேரெதிரான இரண்டு பொருள்கள் உண்டு. எதிர்ப்புப் பிரதி உண்மையாகவே இருந்து, டிஎன்ஏ சிதைந்திருந்ததால் சரியாகப் பெருகாமல் போயிருக்கலாம். சிதைந்த டிஎன்ஏவில் நீளமான துண்டுதான் முதலில் தோற்கும், 137 கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அல்லது எதிர்ப்புப் பிரதி இல்லவே இல்லை, கடைசி எழுத்து பொருந்தாமலே பிரைமர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒட்டும் வெப்பநிலை தாழ்வாக, சுற்றுகள் அதிகமாக இருந்தால் இது நடக்கும். டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து, வெப்பநிலையை ஓரிரு டிகிரி ஏற்றி மறுபடி ஓட்டினால் பொய்ப் பட்டை மறையும். ஆனால் பலவீனமான மெய்ப் பட்டையும் கூடவே மறையலாம். 293ஐப் பார்த்து முடிவு செய்யலாமே என்பீர்கள். உள்ளே இருக்கும் இரண்டு பட்டைகளும் பலமாகப் பெருகினால் 293 தானாகவே மெலியும், அதையும் முழுதாக நம்ப முடியாது. டிஎன்ஏ எழுத்துகளை நேரடியாகப் படிக்கும் வரிசையறிதலுக்கு அனுப்புவதுதான் ஒழுங்கான வழி. நாங்கள் அனுப்பவில்லை.

பெரிய வித்தியாசமா என்று எனக்கு நானே கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டதுண்டு. 90 கொசுக்கள், தெளிவான பாதிப்பு வகை 50, ஹெட்டிரோ 21, முழு எதிர்ப்பு 8, மங்கல் 11 என்று வைத்துக்கொள்ளுங்கள். மங்கலையெல்லாம் ஹெட்டிரோ என்றால் எதிர்ப்புப் பிரதியின் அளவு சுமார் 27 விழுக்காடு. பாதிப்பு வகை என்றால் 21. விட்டுவிட்டால் 23. இதற்காகவா தூக்கம் கெடவேண்டும்? போதாக்குறைக்கு, எல்லாவற்றையும் ஹெட்டிரோ ஆக்கினால் ஹார்டி–வைன்பெர்க் கணக்கும் (ஒரே கூட்டத்துக்குள் தற்செயலாக இணைசேர்ந்தால் எத்தனை ஹெட்டிரோ இருக்கும் என்ற கணக்கு) அழகாக உட்காரும்: எதிர்பார்ப்பு 35, இருப்பது 32. பாதிப்பு வகை ஆக்கினால் எதிர்பார்ப்பு 29, இருப்பது 21. இந்தப் பொருத்தத்தைக் காட்டியே என் முடிவை நான் பலநாள் காப்பாற்றி வந்தேன். ஆனால் பிடித்து வந்த கொசுக்களில் காம்பியேயும் அதன் நெருங்கிய உறவினமான கொலுசியும் (2013இல்தான் அதற்குத் தனி இனப் பெயர் கிடைத்தது) கலந்திருந்து, இரண்டிலும் எதிர்ப்பு அளவு வேறுவேறாக இருந்தால், ஹெட்டிரோ குறைவாக இருப்பதுதான் சரியான விடை. அப்போது பொருத்தமே பிழையின் அடையாளம் ஆகிவிடும்.

இதெல்லாம்கூட அளவில் வரும் பிழை. நான் கேட்ட கேள்வி செய்தது வேறு. பிழைத்ததில் மங்கல் தெரிந்தால் ஹெட்டிரோ, செத்ததில் தெரிந்தால் பாதிப்பு வகை என்று எழுதிவிட்டு, பிறகு அட்டவணை போட்டு 'எதிர்ப்பு மரபணு உள்ளவை அதிகம் பிழைக்கின்றன' என்று சொன்னால், அந்தத் தொடர்பில் ஒரு பங்கு என் வாயிலிருந்து வந்தது. ஒற்றைப் பிரதி தரும் பாதுகாப்பு பெரும்பாலும் சொற்பமே என்பது எனக்குத் தெரியாததல்ல. கேடிஆர் இல்லாமலே பி450 நொதிகளால் மருந்தைச் சிதைத்துப் பிழைக்கும் கொசுக்களும் உண்டு என்பதும் தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

மங்கலான பதினொன்றை மட்டும் மறுபடி ஓட்டச் சொன்னேன், நியாயமாக நடந்துகொள்கிறேன் என்ற நிம்மதியோடு. உதவியாளர் தயங்கித்தான் கேட்டார்: "மேடம், 195 சுத்தமாவே காணாமப்போன கொசு அந்த அம்பதுக்குள்ள இருந்தா? அது தெளிவான பாதிப்பு வகையாத்தானே தெரியும்?" பிசிஆர் மருந்து போதாது என்றேன். போதாதுதான், பொய்யில்லை. மருந்து இருந்திருந்தாலும் ஓட்டியிருப்பேனா என்பதை மட்டும் இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இப்போது குழாய்களில் குறியீட்டு எண் மட்டும்தான். பிழைத்ததா செத்ததா என்ற பட்டியல் வேறொருவர் கையில். ஆனாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. பிழைத்த கொசுவை நாமே கொன்று உடனே ஆல்கஹாலில் போடுகிறோம். செத்தது, காத்திருப்புக் குழாயில் 27 டிகிரி வெப்பத்தில், ஈரக்காற்றில், சில சமயம் கிட்டத்தட்ட ஒரு நாள் கிடக்கிறது. அதன் டிஎன்ஏ அங்கேயே கெடத் தொடங்கிவிடும். 195 விடுபட வாய்ப்பு அதற்குத்தான் கூடுதல். என் வாயை அடைத்தாலும் அதே தொடர்பு அந்த வழியாக உள்ளே வரலாம். காத்திருப்பு நேரத்திலேயே செத்ததை அவ்வப்போது எடுத்துவிடலாம் என்றால், மயங்கிக் கிடந்து பிறகு எழும் கொசுவையும் சேர்த்து எடுத்துவிடுவோம்.

போன வாரம் ஒரு ஜெல்லில் 293 வெளிறியிருந்த வரிசையைக் காட்டி, "இது செத்ததா இருக்கும் மேடம்" என்றார் உதவியாளர். பட்டியலை அவர் பார்த்திருக்கவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.