நியூயார்க்கில் இலவச இரவுகள்

2024 செப்டம்பர் 15, ஞாயிறு

டிசம்பர் முதல் வாரம் நியூயார்க் என்று முடிவாகிவிட்டது. ராக்ஃபெல்லர் சென்டர் கிறிஸ்துமஸ் மரத்தை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று அக்கா பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நியூயார்க் ஹோட்டல்கள் வாயைப் பிளந்துகொண்டு வாடகை கேட்பதும் அதே டிசம்பரில்தான். ஜனவரி, பிப்ரவரி என்றால் காசு கொடுத்தே தங்கிவிடலாம், ஹோட்டல் குழுமங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு வாடகையில்லாமல் தங்கத் தரும் இலவச இரவை அப்போது செலவழிக்க எனக்கு மனசு வராது. டிசம்பருக்குத்தான் அதை எடுக்க வேண்டும்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு இரவுக்கு 400 டாலர் என்று வைத்துக்கொண்டால், அதன் மேல் 14.75 சதவீதம் வரி, அது போக இரவுக்கு மூன்றரை டாலர். அப்புறம் பல விடுதிகள் வாடகைக்கு மேல் டெஸ்டினேஷன் கட்டணம் என்று தாங்களே ஒன்று சேர்க்கின்றன. அதை 40 என்று வைத்தால் அதற்கும் வரி உண்டு. கூட்டினால் 508 டாலர். இலவச இரவு என்றால் அறை வாடகையோடு அதற்கான வரியும் போய்விடுகிறது. அந்த நகரத்தில் அது சின்னத் தொகை இல்லை.

வீடு ஏதாவது வாடகைக்கு எடுக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: 2023 செப்டம்பரிலிருந்து நகரம் குறுகிய கால வாடகைச் சட்டத்தைக் கறாராக அமல்படுத்துகிறது. 30 நாளுக்குக் குறைவாகத் தங்க வேண்டுமானால் வீட்டுக்காரர் நகரத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும், நாம் இருக்கும்போது அவரும் அதே வீட்டில் இருக்க வேண்டும். முன்னைப் போல முழு வீடு கிடைப்பதில்லை.

2024 செப்டம்பர் 17, செவ்வாய்

கையில் இருப்பதை எடுத்து வைத்துப் பார்த்தோம். அக்காவிடம் ஹில்டன் குழுமத்தின் இலவச இரவுச் சர்டிபிகேட் இரண்டு. என்னிடம் 50,000 பாயிண்ட் (உறுப்பினர் கணக்கில் சேரும் புள்ளிகள்) விலை வரையுள்ள அறைக்கான மேரியட் சர்டிபிகேட் ஒன்று, விடுதிகளை வகை வகையாகப் பிரித்து வைத்திருக்கும் ஹையட்டில் முதல் நான்கு வகைக்குள் பயன்படும் சர்டிபிகேட் ஒன்று.

எல்லாவற்றுக்கும் பெயர் இலவச இரவுதான், ஆனால் பெரிய நகரத்தில் இவை ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஹில்டன் சர்டிபிகேட் சாதாரண வகை அறை காலியாக இருந்தால் போதும், அன்றைக்கு எத்தனை பாயிண்ட் கேட்டாலும் செல்லும். விலை ஏற ஏற அதன் மதிப்பும் ஏறும். மேரியட்டில் பாயிண்ட் விலை தேதிக்குத் தேதி மாறுகிறது, 50,000-ஐத் தாண்டினால் இந்த வருட விதிப்படி கைப்பாயிண்ட் 15,000 வரை சேர்த்துக்கொள்ளலாம், அதாவது 65,000-க்கு மேல் போனால் கதவு மூடியது. ஹையட்டில் விடுதியின் வகைதான் கணக்கு. மன்ஹாட்டனில் எங்களுக்குப் பிடித்த இடங்கள் எல்லாம் நான்காம் வகைக்கு மேலே. அதை இங்கே திணிக்கப் போவதில்லை. வேறு ஊரில் அருமையான அறை தரும், இருக்கட்டும்.

இன்னொன்று, சர்டிபிகேட்டில் போட்டிருக்கும் கடைசித் தேதிக்குள் புக்கிங் செய்தால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதற்குள் தங்கியும் முடித்திருக்க வேண்டும். என் மேரியட் சர்டிபிகேட் ஜனவரியோடு முடிகிறது, அதனால் அதற்குத்தான் முதலிடம்.

2024 செப்டம்பர் 22, ஞாயிறு

இந்த வாரம் நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபைக் கூட்டம். சும்மா ஒரு ஆர்வத்தில் அங்கே நாளைய ஹோட்டல் விலையைப் பார்த்தேன், தலை சுற்றியது.

நம் தேதிகளுக்கு வருவோம். விமானத்தை முதலில் வாங்கிவிட்டு ஹோட்டல் தேடுவதுதான் எல்லோருடைய வழக்கம். இலவச இரவோடு போகும்போது இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. எந்தத் தேதியில் அறை திறந்திருக்கிறது என்று காலண்டரில் பார்த்து, அதை எடுத்து, பிறகு பயணச்சீட்டு. சர்டிபிகேட் புக்கிங்கைக் கெடு தேதிக்குள் ரத்து செய்தால் அது கணக்குக்குத் திரும்பி வந்துவிடும், மலிவான விமானச்சீட்டு அப்படி வராது.

மன்ஹாட்டனின் நடுப்பகுதியான மிட்டவுனில் ஹில்டன் குழுமத்து விடுதி ஒன்றில் டிசம்பர் 5, 6 இரண்டு இரவும் கிடைத்துவிட்டது. அக்கா போனில், "ஏண்டி, சுத்திப் பார்க்கப் போறதுக்கு அறை எங்க இருந்தா என்ன, ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சியில் இன்னும் பெரிய அறையா எடுக்கலாமே" என்றாள். காசு கொடுத்தால் நானும் அதையே செய்வேன். இலவச இரவை நான் சொகுசுக்காக எடுப்பதில்லை, இடத்துக்காக எடுக்கிறேன். அவளுக்கு முட்டிவலி. மதியம் அறைக்கு நடந்து வந்து ஒரு மணி நேரம் படுக்க முடிகிற இடம் வேண்டும்.

2024 அக்டோபர் 13, ஞாயிறு

டிசம்பர் 7 சனிக்கிழமைக்கும் அறை கிடைத்தது. கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கம் மேரியட் விடுதி ஒன்று இத்தனை நாளும் 70,000 பாயிண்டுக்கு மேலேயே நின்றது. இன்று காலை பார்த்தால் 61,000. உடனே சர்டிபிகேட்டோடு 11,000 பாயிண்ட் போட்டு எடுத்துவிட்டேன். அறைகள் இப்படித்தான் திறப்பதும் மூடுவதுமாக இருக்கும், யாராவது ரத்து செய்வார்கள், விடுதியும் விலையை மாற்றும். ஒருமுறை பார்த்துவிட்டு இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

2024 நவம்பர் 10, ஞாயிறு

கட்டண விஷயம் தெளிவாகிவிட்டது. ஹையட்டும் ஹில்டனும் முழுக்கப் பாயிண்டிலோ சர்டிபிகேட்டிலோ தங்குபவர்களிடம் ரிசார்ட், டெஸ்டினேஷன் கட்டணம் வாங்குவதில்லை. மேரியட்டில் அப்படியொரு சலுகை கிடையாது, விடுதி அந்தக் கட்டணம் வைத்திருந்தால் இலவச இரவுக்கும் கட்ட வேண்டும். நான் எடுத்த விடுதியில் அந்தக் கட்டணமே இல்லை. அதைப் பார்த்துத்தான் அதை எடுத்தேன்.

ஞாயிறு இரவு டிசம்பர் 8-க்கு என்ன செய்வது என்று இருவரும் பேசினோம். வால் ஸ்ட்ரீட் பக்கம் வாரநாளில் அலுவலகக் கூட்டம், வார இறுதியில் விலை இறங்கிவிடும். அங்கே ஞாயிறு விலை எங்களுக்குக் கட்டுப்படியாகிறது. பாயிண்டைச் சேமித்துக் காசே கொடுத்துவிட்டோம்.

பிறகு இரண்டு கட்டில் வேண்டும் என்று மிட்டவுன் விடுதிக்கு எழுதினேன். நியூயார்க்கில் சாதாரண அறை என்றால் பெரும்பாலும் ஒரே பெரிய கட்டில்தான். ஒவ்வொரு சர்டிபிகேட்டும் தனி புக்கிங்காக விழுந்திருப்பதால் இரண்டையும் இணைத்து ஒரே அறை தரச் சொல்லியும் கேட்டிருக்கிறேன். சரி என்று பதில் வந்தது.

2024 டிசம்பர் 5, வியாழன்

லாகார்டியா விமான நிலையத்தில் இறங்கி கியூ70 பஸ், அது இலவசம். ஜாக்சன் ஹைட்ஸில் 'E' சுரங்க ரயில் பிடித்து நேரே மிட்டவுன். அறை சின்னது, பெட்டியை விரித்தால் நடக்க இடமில்லை, ஆனால் இரண்டு கட்டில் இருக்கிறது.

மரத்துக்கு நேற்று இரவுதான் விளக்கேற்றினார்கள். மாலையில் போனோம், கூட்டத்தில் அக்காவுக்கு உச்சிக்கிளை மட்டும்தான் தெரிந்தது.

2024 டிசம்பர் 6, வெள்ளி

மரத்து விளக்குகள் காலை 5 மணிக்கே எரியும் என்பதால் ஐந்தரைக்கு இருவரும் கிளம்பி நடந்தோம். கடும் குளிர். ஆனால் சுற்றிலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள். அக்கா அடிமரத்திலிருந்து நட்சத்திரம் வரை நிதானமாகப் பார்த்தாள், பேசவே இல்லை. நியூ ஜெர்சியில் தங்கியிருந்தால் இந்த நேரத்துக்கு இங்கே வந்திருக்கவே முடியாது. இந்த ஒரு காலைக்கே அந்தச் சர்டிபிகேட் தகும்.

திரும்பும்போது ஆறாவது அவென்யூவில் நியூயார்க் ஹில்டனைத் தாண்டினோம். 1973 ஏப்ரல் 3 அன்று பொறியாளர் மார்ட்டின் கூப்பர் கைப்பேசியில் முதல் அழைப்பைச் செய்தது இந்த நடைபாதைப் பக்கம்தான். மதியம் அறையில் நல்ல தூக்கம்.

2024 டிசம்பர் 7, சனி

விடுதி மாறும் நாள். இலவச இரவுகளைத் துண்டு துண்டாகச் சேர்த்தால் இது தவிர்க்க முடியாத தொல்லை, அரை நாளை விழுங்கிவிடும் என்று பயந்தேன். காலையிலேயே பெட்டியைப் புதிய விடுதியில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, பொது நூலகத்துக்கும் 1913-இல் திறந்த கிராண்ட் சென்ட்ரலுக்கும் நடந்தே போய்விட்டோம். நாலு மணிக்கு வந்து சாவி வாங்கினோம். தூரம் குறைவு என்பதால்தான் இது முடிந்தது. இரண்டு விடுதியும் ஒரு மைலுக்குள் இல்லாவிட்டால் இலவச இரவுக்காக மாறுவதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

2024 டிசம்பர் 8, ஞாயிறு

கீழ் மன்ஹாட்டன். ஸ்டேட்டன் ஐலண்ட் படகு இலவசம், இருபத்தைந்து நிமிடம், சுதந்திர தேவி சிலை வலதுபக்கம் வரும். மாலை வெளிச்சத்தில் ஒருமுறை போய்வந்தோம். அக்கா மறுபடியும் போகலாமா என்றாள், போனோம்.

2024 டிசம்பர் 14, சனி

வீட்டுக்கு வந்து கணக்குகளைத் திறந்து பார்த்தேன். இலவச இரவுகளும் அடிக்கடி தங்குபவர்களுக்கு ஹோட்டல் குழுமம் தரும் எலைட் தகுதியை அடுத்த வருடத்துக்குப் பெறுவதற்கான இரவுகளாகச் சேர்ந்திருக்கின்றன, அக்கா கணக்கிலும் என் கணக்கிலும். ஹையட் சர்டிபிகேட் இன்னும் அப்படியே இருக்கிறது, ஆகஸ்ட் வரை நேரம் உண்டு. சிகாகோவில் நான்காம் வகை விடுதிகளைத் தேட ஆரம்பித்திருக்கிறேன்.